வீட்டில் மிக் வெல்டிங்: இயந்திரத்தை அமைப்பதும் வயர் ஓட்டத்தைச் சீர்செய்வதும்

றொட் வெல்டிங் பழகியவர், வயரைத் தானே தள்ளித் தரும் மிக் இயந்திரத்துக்கு மாறும்போது முதலில் தடுமாறும் இடம் மின்வில் (வயருக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர்) அல்ல; வயர்தான். றொட் வெல்டிங்கில் உருகும் உலோகம் கையிலேயே இருக்கிறது. மிக்கில் அது இயந்திரத்தின் பக்கக் கதவுக்குள் ஒரு சுருளில் இருந்து புறப்பட்டு, இரண்டு றோலர்களுக்கிடையே நசிந்து, இரண்டு மூன்று மீற்றர் நீளமான கேபிளுக்குள் லைனர் எனப்படும் ஒரு சுருள்கம்பிக் குழாய் வழியே ஊர்ந்து, கடைசியில் தன்னைவிடச் சற்றே பெரிய துளையுள்ள, ரிப் எனப்படும் ஒரு செப்பு முனையால் வெளியே வருகிறது. இந்தப் பாதையில் எங்கே இறுகினாலும் அதன் விளைவு ரோச்சின் (கையில் பிடித்து ஒட்டும் கைபிடியின்) வாயிலேயே தெரிவதால், பழுது மின்சாரத்தில் இருப்பதாகத் தோன்றும். வயர் திக்கித் திக்கி வந்தவுடன் புதியவரின் கை இயல்பாகப் போவது றோலரின் அழுத்தத் திருகுக்குத்தான். ஆனால் அதுவே கடைசியாகத் தொட வேண்டிய திருகு.

இக்கட்டுரை வீட்டு மின்னிணைப்பில் ஓடும் 120 முதல் 200 அம்பியர் வரையான சிறிய இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படலை, தண்ணீர்த் தாங்கியின் கால், சைக்கிள் கரியர், லான்ட்மாஸ்ரர் பெட்டியின் சட்டம் போன்றவற்றுக்கு இந்த அளவு போதும்.

இடமும் மின்சாரமும்

நமது வளவுகளில் முதலில் பார்க்க வேண்டியது வேலியை. கிடுகும் பனையோலையும் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும். வெல்டிங் பொறி பல மீற்றர் தூரம் தெறித்து, ஓலைக்குள் நுழைந்து, உடனே எரியாமல் நின்று கனலக்கூடியது. ஆகவே வேலியிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் விலகிய சீமெந்துத் தரையைத் தெரிவுசெய்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொள்ளுங்கள். மணல் மின்சாரத் தீக்கு. அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வேலை முடிந்த பின்னும் குறைந்தது அரை மணி நேரம் அவ்விடத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

உடையைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்: சாரமும் இறப்பர்ச் செருப்பும் வெல்டிங்குக்கு உரியவை அல்ல, நைலோன், பொலியெஸ்ரர் துணிகள் உருகித் தோலில் ஒட்டும், தடித்த பருத்தி உடையும் மூடிய தோல் சப்பாத்தும் தோல் கையுறையும் வேண்டும். முகமூடிக் கண்ணாடியின் இருளளவு இந்த அம்பியர்களுக்கு 10 அல்லது 11 ஆக இருக்கட்டும். ஒழுங்கையால் போகிறவர்களும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் மின்வில்லைப் பார்த்தால், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணல் கொட்டியது போன்ற வலியோடு எழும்புவார்கள். தகரமோ தடித்த படங்கோ கொண்டு ஒரு மறைப்புக் கட்டிவிடுங்கள்.

மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 120 அம்பியரும் 19 வோல்ற்றும் என்றால் மின்வில்லில் மட்டும் ஏறத்தாழ 2.3 கிலோவாற்று செலவாகிறது. இயந்திரத்தின் இழப்புகளைச் சேர்த்தால், 230 வோல்ற்று இணைப்பில் 13 அம்பியர் பிளக் அதன் எல்லையைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். எனவே பகிர்வுப் பெட்டியிலிருந்து தனி பிறேக்கரோடு, தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு ஒரு தனி இணைப்பு இழுப்பதே முறை. ஏர்த் வயர் உண்மையில் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவரிடமே பரிசோதிப்பிக்கலாம். நீட்டிப்பு வயர் தவிர்க்க முடியாததாயின், அது 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பாக இருக்க வேண்டும்; சுருட்டிய நிலையில் பயன்படுத்தினால் சூடேறி உருகும் என்பதால் முழுவதையும் விரித்துவிட வேண்டும்.

ட்ரான்ஸ்போமரிலிருந்து வெகுதூரத்தில், ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்குவதுண்டு. பழைய ட்ரான்ஸ்போமர் வகை இயந்திரங்களில் மின்வில்லின் வோல்ற்றளவும் கூடவே இறங்கும். காலையில் சரியாக ஒட்டிய அதே அளவுகள் மாலையில் பிசகினால், வயரைச் சந்தேகிப்பதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

எந்த வயர், எந்த முனை

வீட்டு வேலைக்கு இரண்டு வகை வயர் போதும். ஒன்று, செப்பு முலாம் பூசிய திண்ம உருக்கு வயர். சுருளின் பக்கத்தில் ஈ.ஆர். 70 எஸ்-6 என்று அடித்திருக்கும். இதற்குக் காபனீரொட்சைட்டோ, ஆகனில் 20 முதல் 25 வீதம் காபனீரொட்சைட்டுக் கலந்த காஸோ வேண்டும். மற்றையது, எரியும்போது ஒட்டைக் காக்கும் மருந்தை (ஃபிளக்ஸ்) நடுவில் அடைத்த வயர். காஸ் இல்லாமல் ஓடும் வகைக்கு ஈ 71 ரி-ஜீ.எஸ். அல்லது ஈ 71 ரி-11 என்ற குறி இருக்கும்.

வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் காஸ் வைத்து ஒட்டுவது வீண் செலவு என்பது எனது கருத்து. காற்று அந்தக் காஸைத் தள்ளிக்கொண்டு போய்விட, ஒட்டு முழுவதும் ஊசித் துளைகளாக நிற்கும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லீற்றர் என்ற ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. மிகை வேகத்தில் காஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். வெளியில் ஒட்ட மருந்து வயர், சுவருக்குள் ஒட்டத் திண்ம வயர் என்று பிரித்துக்கொள்வதே இலகு. காஸ் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சங்கிலியால் தூணோடு நிமிர்த்திக் கட்ட வேண்டும். பூட்டிய சிறு அறைக்குள் ஒட்டக்கூடாது, ஏனெனில் இந்தக் காஸ்கள் மூச்சுக்குரிய ஒட்சிசனை வெளியே தள்ளிவிடும்.

வயர் மாறும்போது முனைவும் (நேர், மறை மின்முனைகளின் இணைப்பும்) மாற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காஸுடன் ஓடும் திண்ம வயருக்கு ரோச் நேர் முனையிலும், ஒட்டும் இரும்பைக் கவ்வும் ஏர்த் கிளாம்ப் மறை முனையிலும் இருக்க வேண்டும். காஸில்லாத மருந்து வயருக்கு இது தலைகீழ்: ரோச் மறை முனையில். மாற்றும் இணைப்பு பெரும்பாலும் பக்கக் கதவுக்குள்ளோ முகப்பின் அடியிலோ இருக்கும். முனைவு தவறினால் பொறி பெருமளவில் தெறித்து, ஒட்டு தகட்டில் இறங்காமல் மேலே குவிந்து நிற்கும். இதை வயர் வேகத்தின் குறை என்று எண்ணித் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும்.

தடிப்பில் 0.8 மில்லிமீற்றர் வயரோடு தொடங்குங்கள். அது 1 முதல் 4 மில்லிமீற்றர் வரையான இரும்புக்குப் பொருந்தும். அந்த வயரில் 1 கிலோ ஏறத்தாழ 250 மீற்றர் நீளம். நிமிடத்துக்கு 5 மீற்றர் வேகத்தில் ஓடினால் 50 நிமிடத் தொடர் ஒட்டுக்கு வரும். பழகும் காலத்தில் சிறு சுருள் போதும். 5 கிலோ வாங்கினால் மலிவுதான், ஆனால் நமது உப்புக் காற்றில் பாதிச் சுருள் துருவேறும்வரை அது கிடக்குமாயின் அந்த மலிவில் பொருளில்லை.

வயரைக் கோத்தல்

மின்னை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். புதிய சுருளில் வயரின் நுனி விளிம்பிலுள்ள துளை ஒன்றில் மடித்துச் செருகப்பட்டிருக்கும். அதை விடுவித்த கணத்திலிருந்து றோலர் பிடிக்கும்வரை கையை விடக்கூடாது. விட்டால் சுருள் முழுவதும் வில்போல் அவிழ்ந்து, ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து, பிறகு ஓடும்போது இடையிடையே இறுகும். மடிந்த நுனியை நேரான பகுதிவரை வெட்டி எறிந்து, வெட்டிய முனையை அரத்தால் சற்று உருட்டிவிடுங்கள். கூர்முனையோடு தள்ளினால் லைனரின் உட்புறத்தைக் கீறிக்கொண்டுதான் போகும்.

சுருள் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பது கதவில் வரைந்திருக்கும்; பொதுவாக வயர் சுருளின் அடிப்பக்கத்தால் வந்து, வளைவில்லாமல் நேராக றோலருக்குள் நுழையும். நடு அச்சிலுள்ள திருகு சுருளின் தடை. இதைத் தளர விட்டால், ரோச்சின் விசையை விட்ட பிறகும் சுருள் சுழன்று வயர் தளர்ந்து வெளியே சரியும். இறுக்கினால் றோலர் ஒவ்வொரு கணமும் சுருளோடு இழுபறிப்பட வேண்டியிருக்கும். விசையை விட்டதும் சுருள் தானும் நிற்க வேண்டும், அவ்வளவே தேவை.

அடுத்தது றோலர். அதன் இரு விளிம்புகளிலும் இரண்டு தவாளிப்புகள் இருக்கும், ஒன்று 0.6க்கு, மற்றது 0.8க்கு என்பதுபோல். பக்கத்தில் அடித்த இலக்கத்தை மட்டும் நம்பாமல், ஒரு துண்டு வயரைத் தவாளிப்பில் கிடத்திப் பாருங்கள்: முழுக்கப் புதைந்துவிடாமல், விளிம்புக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். திண்ம வயருக்கு மென்மையான ‘வி’ வடிவத் தவாளிப்பு, மருந்து வயருக்குப் பல் வெட்டிய தவாளிப்பு, அலுமினியத்துக்கு ‘யூ’ வடிவம். பல் வெட்டிய றோலரில் திண்ம வயரை ஓட்டினால் செப்பு முலாம் உரிந்து, தூளாக லைனருக்குள் போய்த் தேங்கும். சில கிழமைகளின் பின் வரும் அடைப்புக்கு அன்றே அத்திவாரம் போட்டாயிற்று.

இனி ரோச்சின் நொசிலையும் (ரிப்பைச் சுற்றியுள்ள வெளிக்குழல்) செப்பு ரிப்பையும் கழற்றி, கேபிளைத் தரையில் நேராக நீட்டிவிட்டு, இயந்திரத்தைப் போட்டு விசையை அழுத்துங்கள். ரோச்சை முகத்துக்கோ பிறருக்கோ நேராகப் பிடிக்கக்கூடாது. வயர் ஊசி போல் பாய்ந்து வரும், அழுத்தியிருக்கும்வரை அதில் மின்னும் உண்டு. ஏர்த் கிளாம்பை இரும்பிலிருந்து விலக்கி வைத்திருப்பது நல்லது. வயர் வெளிவந்த பின் 0.8 என்று அடித்த ரிப்பை அதன்மேல் கோத்து, குறட்டால் அளவாக இறுக்கி, நொசிலைப் பூட்டலாம்.

அழுத்தத் திருகைச் சரிசெய்ய ஒரு மரப்பலகை வேண்டும். திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, ரோச்சின் வாயைப் பலகையிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தில் சாய்த்துப் பிடித்து வயரை ஓட்டுங்கள். வயர் பலகையில் முட்டியதும் றோலர் வழுக்கும். சிறிது சிறிதாக இறுக்கி, வயர் முட்டியும் நிற்காமல் வளைந்து சுருண்டு வரும் நிலையில் நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம். ஏதேனும் ஒரு காரணத்தால் வயர் முன்னே அடைபட்டால் றோலர் வழுக்குவதுதான் நமக்கு நன்மை. வழுக்க முடியாதபடி இறுக்கியிருந்தால் அது வயரைத் தள்ளிக்கொண்டேயிருந்து இயந்திரத்துக்குள்ளேயே சிக்காகக் குவித்துவிடும்.

முதல் ஒட்டு

மூன்று மில்லிமீற்றர் தகட்டுத் துண்டொன்றில் துருவையும் பூச்சையும் உரசி நீக்கி, ஏர்த் கிளாம்பைப் பளபளக்கும் வெற்று இரும்பில் பிடியுங்கள். தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கு 40 அம்பியர் என்ற கணக்கில் இது 120 அம்பியர் வேலை, 0.8 திண்ம வயரோடு 18 முதல் 19 வோல்ற்றும் நிமிடத்துக்கு ஆறு மீற்றருக்கு அண்மித்த வேகமும் தொடங்குவதற்கு ஏற்றவை. கதவின் உட்புறத்தில் அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வோல்ற்றளவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வயர் வேகத்தை மட்டும் மாற்றிப் பழக வேண்டும். வேகம் கூடினால் வயர் தகட்டில் குத்திக் கையைப் பின்னே தள்ளும். குறைந்தால் நுனி உருண்டையாகி ரிப்பை நோக்கி ஏறும். இரண்டுக்கும் நடுவே, கொதியெண்ணெயில் வடை பொரிவது போன்ற இடையறாத ஓசை கேட்கும் இடம் ஒன்றுண்டு. ரிப்பிலிருந்து வெளியே நீளும் வயர் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும்; மருந்து வயருக்கு 15 வரை போகலாம். திண்ம வயரை முன்னே தள்ளிக்கொண்டும், கசடு விழும் மருந்து வயரைப் பின்னே இழுத்துக்கொண்டும் ஒட்டுவது வழக்கம்.

நாகம் (துத்தநாகம்) பூசிய ஜீ.ஐ. குழாயை ஒட்டுமிடத்தில் பூச்சை அரைத்து நீக்காமல் ஒட்டாதீர்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். வயிற்றுக்குப் போகும் பால் நுரையீரலுக்குப் போன புகையை என்ன செய்யும்? குளோரின் கலந்த பிறேக் கழுவும் திரவங்களால் துடைத்த இரும்பையும் ஒட்டக்கூடாது; மின்வில்லில் அது கொடிய நச்சு வாயுவாக மாறும்.

வயர் ஓடாதபோது

முதற் கேள்வி: றோலர் சுழல்கிறதா? விசையை அழுத்தும்போது றோலரே அசையாவிட்டால், இயந்திரம் சூடேறித் தானே நின்றிருக்கிறதா என்று முகப்பு விளக்கைப் பாருங்கள். விசையின் தொடுகையும் ரோச் இணைப்பின் சிறு ஊசிகளும் அடுத்த சந்தேகங்கள். அதற்கு அப்பால் மோட்டரும் மின்சுற்று அட்டையும்தான். மின்னை நிறுத்திய பின்னும் உள்ளே கொள்ளளவிகளில் (கப்பாசிற்றர்) ஆபத்தான மின்னேற்றம் நிற்குமாதலால், பின் மூடியைத் திறக்கும் வேலை வீட்டில் செய்வதற்கு உரியதல்ல.

றோலர் சுழன்றும் வயர் வரவில்லை என்றால், அல்லது திக்கித் திக்கி வந்தால், பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோச் முனையிலிருந்து தொடங்குவதே விரைவான வழி. ரிப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். வயர் தடையின்றி வந்தால் குற்றவாளி ரிப்தான். உள்ளே பொறி உருகி ஒட்டியிருக்கலாம், துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது 0.8 வயருக்கு 0.6 ரிப் பூட்டப்பட்டிருக்கலாம். ரிப் மலிவான பொருள். ஊசியால் குத்திக் குடைந்து துளையைப் பெருப்பிப்பதைவிடப் புதியதைப் போடுவதே சரி, ஏனெனில் பெருத்த துளையில் வயருக்கு மின் ஒழுங்காகப் பாயாமல் மின்வில் தடுமாறும்.

ரிப்பைக் கழற்றியும் திருந்தவில்லையானால், றோலரின் அழுத்தக் கையைத் தூக்கிவிட்டு, மின்னை நிறுத்தி, ரோச்சின் வாயால் வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். இது நான் மிகவும் நம்பும் சோதனை. சுருள் சுழல, வயர் ஒரே சீரான தடையோடு வர வேண்டும். இழுப்பு கடினமாக இருந்தால், சுருளைக் கையால் சுற்றித் தளர்த்திக் கொடுத்துக்கொண்டு மீண்டும் இழுங்கள். இப்போது இலகுவானால் பழுது சுருளின் தடையில் அல்லது சுருளில் விழுந்த குறுக்குச் சிக்கில். இன்னமும் கடினமென்றால் பழுது கேபிளுக்குள்.

கேபிளுக்குள் என்றால் முதலில் அதன் கிடையைப் பாருங்கள். இடத்தைச் சேமிப்பதற்காகக் கேபிளை இறுக்கமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒட்டுவதும், அதன்மேல் இரும்பை வைப்பதும், கழுத்தருகே ஒடித்துப் பிடிப்பதும் நல்ல லைனரையும் அடைக்கும். நேராக்கியும் திருந்தாவிட்டால் வயரை வெளியே எடுத்து, ரிப்பைக் கழற்றிய நிலையில் லைனருக்குள் அமுக்கக் காற்று அடிக்க வேண்டும். வீட்டில் கொம்பிறசர் இல்லாதவர்கள் ரோச்சைக் கேபிளோடு கழற்றிக்கொண்டு பக்கத்து ரயர் ஒட்டும் கடைக்குப் போகலாம். கண்ணாடி அணிந்து, மறுமுனையை ஆட்களில்லாத பக்கம் திருப்பிப் பிடியுங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசியும் செப்புத் தூளும் கலந்து வருவதைக் காணலாம். ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் இதைச் செய்தால் லைனர் நீடித்து உழைக்கும்.

இயந்திரத்துக்குள், றோலருக்கும் ரோச் கேபிள் தொடங்கும் இடத்துக்கும் இடையே வயர் சிக்காகக் குவிந்திருந்தால், இழுத்துப் பிடுங்காதீர்கள். மின்னை நிறுத்தி, அழுத்தக் கையைத் தூக்கி, சிக்கின் இரு பக்கமும் வெட்டி, கேபிளுக்குள் இருப்பதை ரோச் வாயாலும் மீதியைச் சுருளோடும் எடுத்துவிடுங்கள். வளைந்த வயரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பிறகு ஏன் குவிந்தது என்று பாருங்கள்: முன்னே அடைப்பு, மிகை அழுத்தம், அல்லது றோலருக்கும் லைனரின் வாய்க்கும் இடையே வயர் வளைய இடம்கொடுக்கும் இடைவெளி. அந்த இடைவெளியில் இருக்க வேண்டிய சிறு வழிகாட்டிக் குழாய் சில இயந்திரங்களில் கழன்று காணாமற்போயிருக்கும்.

றோலரின் அடியில் செப்புத் தூள் சேர்ந்திருந்தால் அழுத்தம் மிகை அல்லது தவாளிப்புத் தவறு. வயர் ஒரு சீராக ஓடியும் மின்வில் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் ஏர்த் கிளாம்பைச் சந்தேகியுங்கள். வயர் திரும்பத் திரும்ப ரிப்போடு உருகி ஒட்டினால் வேகம் குறைவு, வோல்ற்றளவு மிகை, அல்லது ரோச்சை இரும்புக்கு மிகக் கிட்டப் பிடிப்பது என்ற மூன்றில் ஒன்று. லைனர் இறுக்கத்தால் வேகம் இடையிடையே குறைவதும் இதே முகத்தோடு வரும்.

லைனர் மாற்றுதல்

காற்றடித்தும் இறுக்கம் நீங்காத லைனரையும், ஓரிடத்தில் மடிந்த லைனரையும் மாற்ற வேண்டும். பல ஐரோப்பிய வகை ரோச்களில் 0.6 முதல் 0.9 வரையான வயருக்கு நீல உறையும், 1.0 முதல் 1.2 வரை சிவப்பு உறையும் வழக்கம். கேபிளை முற்றாக நேராக்கி, ரிப்பைக் கழற்றி, இயந்திரப் பக்கத்து மரையைத் திறந்து பழையதை இழுத்தெடுத்து, புதியதைச் சிறு சிறு தள்ளல்களாகச் செலுத்தி மரையைப் பூட்டுங்கள். பின்பு முன்பக்கம் நீண்டு நிற்பதை, ரிப் தாங்கியின் அடியில் லைனர் முட்டி உட்காரும் அளவுக்கு வெட்ட வேண்டும். இங்கே அவசரம் கூடாது: நீளமாக வெட்டியதைக் குறைக்கலாம், குட்டையாக வெட்டியது வீண். குட்டையான லைனருக்கும் ரிப்புக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் வயர் ஒவ்வொரு தடவையும் இடறும். வெட்டிய வாயின் பிசிறை அரத்தால் நீக்கி, உள்ளே மடிந்த கம்பி நுனி இல்லை என்று ஒரு துண்டு வயரைச் செலுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருளைப் பேணுதல்

குருநகர், வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கரையோர இடங்களில் இயந்திரத்துக்குள்ளேயே விட்ட சுருள் விரைவில் பழுப்பேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏனைய ஊர்களிலும் அப்படியே. துருவேறிய வயர் லைனருக்குள் உரசித் தூள் சொரிவதோடு ஒட்டிலும் துளைகளை உண்டாக்கும். வேலை முடிந்ததும் வயரைச் சுற்றி நுனியைத் துளையில் செருகி, சுருளைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பைக்குள் கட்டி வையுங்கள். துருவைத் தடுக்க வயரில் எண்ணெய் தெளிப்பது கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து லைனரை அடைப்பதோடு மின்வில்லில் எரிந்து ஒட்டையும் கெடுக்கும். மாறாக, றோலருக்கு முன்னால் வயரின்மேல் உலர்ந்த கம்பளித் துணித்துண்டு ஒன்றை உடுப்புக் காயவைக்கும் கிளிப்பால் தளர்வாகக் கவ்விவிட்டால், தூசி அதிலேயே தங்கிவிடும். துண்டு கறுத்ததும் மாற்றுங்கள். மேற்சுற்று மட்டும் துருவேறிய சுருளென்றால், வெளிச்சமான வயர் தெரியும்வரை சுற்றிக் கழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். பக்கங்களிலும் பழுப்பு இறங்கியிருந்தால் அந்தச் சுருளை ஓட்டாதீர்கள், அதன் விலையைவிட லைனரும் ரிப்பும் கூடுதலாகத் தின்றுவிடும்.